கம்ப்யூட்டருக்கும் மறதி வருமா?

சென்ற மாதம் ஒரு நாள் காலை. அரூர் சங்க அலுவலகத்தின் வாசற்படியில் ஒரு ஆயா உட்கார்ந்திருந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. விவசாயத் தொழிலாளி. நாற்று நட்டு நட்டுக் கூனிப்போன முதுகு. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக் காய்த்துப்போன கை. மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துப் பிரித்தார். ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, பாங்கிப் புத்தகம், ஓரம் கிழிந்த ஒரு பழைய உத்தரவு. அவருடைய ஆயுள் முழுவதும் அந்தப் பைக்குள்தான் இருந்தது.

"நாலு மாசமா முதியோர் பணம் வரலை தம்பி. ஆபீசுல போய்க் கேட்டா கம்ப்யூட்டர்ல உம் பேரே இல்லைங்கறாங்க. போன வருசம் இருந்த பேரு இந்த வருசம் எங்க போச்சு? எனக்குத்தான் வயசாச்சு, மறதி. கம்ப்யூட்டருக்கும் மறதி வருமா?"

அங்கே இருந்த சில தோழர்கள் சிரித்துவிட்டார்கள். ஆயா சிரிக்கவில்லை. நமக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் அது சரியான கேள்வி. பெரிய பெரிய படிப்பாளிகள் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு நாம் அன்று சரியான பதில் சொல்லவில்லை. "நாளைக்கு ஆபீசுக்குப் போகலாம் ஆயா" என்று மட்டும் சொன்னோம்.

நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவர்கள். ஆனாலும் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. தெரிந்தவர்களைக் கேட்டோம். கிடைத்ததைப் படித்தோம். யந்திரத்தின் நினைவு என்றால் என்ன? அதை யார் செய்தார்கள்? அதில் யார் எழுதுகிறார்கள்? இவற்றை ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் இன்று கூலிக்கும் ரேஷனுக்கும் பென்ஷனுக்கும் நடுவே இந்த யந்திரம் வந்து உட்கார்ந்துவிட்டது.

தறி நினைவில் வைத்தது

யந்திரம் நினைவில் வைப்பது என்பது மாயமல்ல. பட்டுத்தறி ஓட்டிய தோழர்கள் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பார்கள். மேலே அட்டைகள் வரிசையாகத் தொங்கும். அட்டையில் துளைகள் இருக்கும். துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும். இல்லாத இடத்தில் தடைபடும். அதற்குத் தக்கபடி பாவு நூல் ஏறும், இறங்கும். சேலைக் கரையில் மயிலும் மாங்காயும் வருகின்றனவே, அந்த மயிலைத் தறி எங்கே நினைவில் வைத்திருக்கிறது? அட்டைத் துளைகளில்!

பிரெஞ்சு நாட்டில் லியோன் என்ற பட்டு நகரத்தில், 1804-ம் ஆண்டு வாக்கில் ஜக்கார் என்பவர் இதை ஒழுங்குபடுத்திக் கொண்டுவந்தார். துளை உண்டு, துளை இல்லை. இந்த இரண்டே இரண்டு அடையாளங்களால் எந்தப் பூவையும் எழுதிவிடலாம். கம்ப்யூட்டரின் நினைவும் அடிப்படையில் இவ்வளவுதான். உண்டு, இல்லை. அந்த உண்டு-இல்லைகளைக் கோடிக்கணக்கில் அடுக்கி வைத்தால் அது எண்ணாகிறது, எழுத்தாகிறது, படமாகிறது. நம் ஆயாவின் பெயரும் ஆகிறது.

ஆக முதல் உண்மை இது: யந்திரத்துக்குத் தானாக எந்த நினைவும் கிடையாது. அட்டையில் துளை போட்ட கை ஒன்று இருக்கிறது. துளையைத் தப்பாகப் போட்டால் மயிலுக்குக் கழுத்து இராது. அதற்குத் தறியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மான்செஸ்டரில் பிறந்த அட்லஸ்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் என்று ஒரு நகரம் உண்டு. பஞ்சாலைத் தொழிலாளிகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. நமது கைத்தறி நெசவாளியின் சோற்றில் மண் போட்டது மான்செஸ்டர் மில் துணி. அங்கே ஆலைத் தொழிலாளிகள் வாழ்ந்த சேரிகளைக் கண்ணால் கண்டுதான் எங்கெல்ஸ் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமையைப் பற்றி எழுதினார். அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில்தான் யந்திரத்தின் நினைவும் ஒரு பெரிய பாய்ச்சல் பாய்ந்தது.

1948 ஜூன் 21 அன்று அங்கே ஒரு சிறு கம்ப்யூட்டர் ஓடியது. 'பேபி', அதாவது குழந்தை என்று அதற்குப் பெயர். ஃபிரெடரிக் வில்லியம்ஸ், டாம் கில்பர்ன் என்ற விஞ்ஞானிகளும் அவர்களுடைய தோழர்களும் செய்தது. செய்ய வேண்டிய வேலையின் கட்டளைகளைத் தன் மின் நினைவிலேயே வைத்துக்கொண்டு ஓடிய முதல் யந்திரம் அதுதான். நினைவு எவ்வளவு? வெறும் 32 வரிகள். டெலிவிஷன் பெட்டியில் இருக்குமே, அந்த மாதிரிப் படக்குழாயின் திரையில் புள்ளிகளாக அந்த நினைவு நின்றது. கண் மூடித் திறப்பதற்குள் புள்ளி மங்கிவிடும். ஆகவே யந்திரம் ஓயாமல் அதைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தது. முதல் கணக்கைப் போட்டு முடிக்க 52 நிமிஷம் பிடித்தது.

கில்பர்ன் அதோடு நிற்கவில்லை. 1950-களின் நடுவில் அவர் குழு இன்னொரு வேலையில் இறங்கியது. வினாடிக்குப் பத்து லட்சம் கட்டளைகளை நிறைவேற்றும் யந்திரம் வேண்டும் என்பது லட்சியம். ஃபெரான்டி என்ற கம்பெனியும் சேர்ந்துகொண்டது. 1962 டிசம்பர் 7 அன்று 'அட்லஸ்' துவக்கிவைக்கப்பட்டது. அந்நாளில் உலகத்தின் மிக வலிமையான கம்ப்யூட்டர்களில் ஒன்று அது.

வேகம் ஒரு பக்கம் இருக்கட்டும். அட்லஸின் உண்மையான பெருமை அதன் நினைவு.

கிழங்கு மில்லில் ஒரு பாடம்

சேகோ மில்லில் வேலை செய்த தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். லாரியில் வந்த மரவள்ளிக் கிழங்கு களத்தில் மலைபோல் குவிந்திருக்கும். ஆனால் அரவை மிஷினுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில், சில கூடைகள்தான் இருக்கும். அந்தக் கூடை தீர்ந்தால் மிஷின் சும்மா சுற்றும். ஆகவே களத்திலிருந்து கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்ட ஆள் வேண்டும்.

கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான். கைக்கு எட்டும் நினைவு ஒன்று. அது வேகமானது, ஆனால் விலை அதிகம், ஆகவே அளவு குறைவு. களம் போன்ற நினைவு இன்னொன்று. காந்தம் பூசிய ஒரு உருளை ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் மேல் எழுதி வைப்பார்கள். அது மலிவு, நிறையக் கொள்ளும், ஆனால் மெதுவானது. அட்லஸில் கைநினைவு 16,384 சொற்கள் கொண்டது. உருளை நினைவு அதைப்போல் ஆறு மடங்கு.

அட்லஸுக்கு முன்னால், களத்திலிருந்து கைக்கு எந்தக் கூடையை எப்போது கொண்டுவருவது, எதை எடுத்துப் போவது என்பதையெல்லாம் கணக்கு எழுதுகிறவரே முன்கூட்டித் திட்டமிட்டு எழுதித் தர வேண்டும். அது பெரிய தொல்லை. பாதி உழைப்பு அதிலேயே போய்விடும்.

அட்லஸ் குழுவினர் என்ன செய்தார்கள்? நினைவை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்தார்கள். கணக்கு எழுதுகிறவருக்கு எல்லாம் ஒரே நினைவாகத் தெரியும். எந்தப் பக்கம் கையில் இருக்கிறது, எது உருளையில் இருக்கிறது என்று அவர் கவலைப்பட வேண்டாம். அது யந்திரத்தின் பொறுப்பு. கேட்ட பக்கம் கையில் இல்லை என்றால் என்ன நடக்கும்? இதைத்தான் கவனிக்க வேண்டும், தோழர்களே! யந்திரம் "இல்லை" என்று சொல்லிக் கையை விரிக்காது. அந்த வேலையைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும். உருளையில் போய்த் தேடும். வெகு நேரமாக யாரும் தொடாமல் கிடக்கும் பக்கம் எது என்று தானே கணித்து, அதை உருளைக்கு அனுப்பி இடம் ஒழிக்கும். கேட்ட பக்கத்தைக் கொண்டுவந்து வைக்கும். விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். தேடுகிற நேரத்தில் வேறொருவர் வேலையையும் பார்த்துக்கொள்ளும்.

இன்று நம் சட்டைப்பையில் இருக்கிற கைப்பேசி வரைக்கும் இந்த ஏற்பாடுதான் நடக்கிறது.

கையில் இல்லாததெல்லாம் உலகத்திலேயே இல்லாதது அல்ல. தேடிக் கொண்டுவருவது நம் கடமை. 1962-லேயே ஒரு யந்திரத்துக்கு இந்த மரியாதை கற்றுக்கொடுக்கப்பட்டுவிட்டது! ஆனால் அறுபது வருஷத்துக்குப் பிறகு, அரூரில் ஒரு ஆயாவிடம், "கம்ப்யூட்டரில் பெயர் இல்லை, போ" என்று ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்புகிறார்கள். இது யந்திரத்தின் மறதியா? மனிதர்களின் அலட்சியமா?

நம் நாட்டிலும் செய்தோம்

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கெங்கே எட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலும் செய்தார்கள். செய்த குழுவின் தலைவர் ஒரு தமிழர்.

ரங்கசாமி நரசிம்மன் 1926-ல் சென்னையில் பிறந்தவர். கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் படித்தவர். மேற்படிப்புக்கு அமெரிக்கா போனார். அங்கேயே தங்கிவிடாமல் 1954-ல் திரும்பி வந்து பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அணு விஞ்ஞானி ஹோமி பாபா நிறுவிய நிலையம் அது. நாடு விடுதலையடைந்து ஏழே வருஷம். கல்கத்தாவில் மஹலநோபிஸ் நடத்திய புள்ளியியல் நிலையம், 1950-களின் நடுவில் பிரிட்டனிலிருந்து ஒரு சிறிய கம்ப்யூட்டரை வாங்கியது. பின்னால் சோவியத் நாட்டிலிருந்து 'உரால்' என்ற யந்திரமும் அங்கே வந்தது. ஆனால் பம்பாயில் எடுத்த முடிவு வேறு: வாங்க வேண்டாம், நாமே செய்வோம்!

செய்யப் புகுந்தவர்கள் இளைஞர்கள். நரசிம்மனைத் தவிர மற்றவர்களுக்கு இந்தத் துறையில் முன்னனுபவம் கிடையாது. முதலில் ஒரு சிறு மாதிரி யந்திரத்தைக் கட்டிப் பார்த்தார்கள். 1956 வாக்கில் அது ஓடியது. அதில் கற்ற பாடத்தை வைத்துப் பெரிய யந்திரத்தைக் கட்டினார்கள். 1960 பிப்ரவரியில் அது வேலைக்கு வந்தது. சுமார் 2,700 வால்வுகள் கொண்ட யந்திரம். 1962 ஜனவரியில் நிலையத்தின் புதிய கட்டடத்தைத் திறக்க வந்த பிரதமர் நேரு, அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார்.

டிஃப்ராக்கின் நினைவு எப்படிப்பட்டது? கடுகு மணி போன்ற சின்னஞ்சிறு காந்த வளையங்கள். ஒவ்வொரு வளையத்தின் துவாரத்துக்குள்ளும் மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். பாவும் ஊடையும் போல! கம்பியில் மின்சாரத்தை ஒரு பக்கமாக விட்டால் வளையம் ஒரு திசையில் காந்தமாகும். மறு பக்கமாக விட்டால் மறு திசையில். ஒரு திசைக்கு 'உண்டு' என்று பொருள். மறு திசைக்கு 'இல்லை'. மின்சாரம் நின்றாலும் வளையம் மறக்காது. படக்குழாயின் புள்ளியைப்போல் ஓயாமல் நினைவூட்ட வேண்டியதில்லை. அட்லஸின் கைநினைவும் இதே வளையங்கள்தான்.

டிஃப்ராக்கில் 2,048 சொற்கள். ஒரு சொல்லுக்கு 40 வளையம். பெருக்கிப் பாருங்கள்: 81,920 வளையங்கள். அட்லஸிலோ ஏழரை லட்சத்துக்கும் மேல். இன்றைய கணக்கில் டிஃப்ராக்கின் நினைவு அற்பம். இந்தக் கட்டுரையைக்கூட முழுதாக வைக்க அதில் இடம் போதாது. ஆனால் அந்த நினைவை வைத்துக்கொண்டுதான் பம்பாயில் விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சிக் கணக்குகளைப் போட்டார்கள். ஒரு ஏழை நாட்டு இளைஞர்கள், பழைய சுரண்டல்காரனிடம் கையேந்தாமல், யந்திரத்துக்கு நினைவு கொடுத்தார்கள். இது சாதாரண விஷயமா?

கம்பி கோர்த்த கைகள்

இந்த வளைய நினைவுக்கு இன்னொரு கதை உண்டு. விஞ்ஞானிகளின் புத்தகங்களில் அது சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

அந்தக் காலத்து வளையங்களில் கம்பியை யார் கோர்த்தது? உலகமெங்கும் பெரும்பாலும் பெண் தொழிலாளிகள்! பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்கு அடியில் பலகையை வைத்து, ஊசியைப் பிடித்து, ஒவ்வொரு வளையமாகக் கம்பியை இழுத்துக் கோர்த்தார்கள். ஒரு கம்பி தப்பினால் பலகை வீண். 1969-ல் சந்திரனில் மனிதன் இறங்கினானே, அந்த அப்போலோ கலத்தின் கம்ப்யூட்டர் நினைவையும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் பெண்கள்தான் கையால் கோர்த்தார்கள். அவர்களில் பலர் ஜவுளி ஆலைகளிலிருந்தும் கடிகாரத் தொழிற்சாலையிலிருந்தும் வந்தவர்கள். நூலிழையைப் பிடித்துப் பழகிய விரல்களுக்குத்தான் அந்தப் பொறுமை இருந்தது. பிற்பாடு, கூலி குறைவு என்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் கோர்க்கும் வேலையை ஆசிய நாடுகளுக்குத் தள்ளினார்கள். அங்கேயும் பெண்களின் விரல்களே.

நம் வீட்டுப் பெண்கள் பண்ணையில் பூ எடுக்கிறார்கள். புளி தட்டுகிறார்கள். அரூரிலிருந்து பஸ் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கிறார்கள். இந்த வேலைக்கெல்லாம் 'கைத்திறன் இல்லாத வேலை' என்று பெயர் வைத்துக் கூலியைக் குறைக்கிறார்கள். சந்திரனுக்குப் போன யந்திரத்தின் நினைவு இப்படிப்பட்ட கைகள் கோர்த்தது என்பதை அந்தக் கணக்குப்பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

நாம் சொல்ல வேண்டும்.

கற்றதைக் கைவிட்டது யார்?

டிஃப்ராக் என்னவாயிற்று? 1964-ல் அதே நிலையத்துக்கு அமெரிக்கக் கம்பெனி தயாரித்த சி.டி.சி. 3600 என்ற பெரிய கம்ப்யூட்டர் வந்தது. அதோடு டிஃப்ராக் ஓய்ந்தது. நியாயமாகப் பேச வேண்டும்: டிஃப்ராக் வால்வு யந்திரம். அது ஓடத் தொடங்கியபோதே மேல்நாடுகளில் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. பழையதைக் கட்டி அழச் சொல்லவில்லை. ஆனால் செய்யத் தெரிந்த கைகள் கிடைத்த பிறகு, அடுத்ததையும் அதற்கடுத்ததையும் அதே வேகத்தில் நாமே செய்யும் வழியை விரித்திருக்க வேண்டாமா? சர்க்கார் கம்பெனியான இ.சி.ஐ.எல். பின்னால் ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர்கள் செய்தது உண்மை. ஆனால் அந்த வழி அகலமாகவில்லை. வாங்கும் வழிதான் ராஜபாட்டையாயிற்று.

1975-ல் மத்திய சர்க்கார் சி.எம்.சி. என்ற நிறுவனத்தை அமைத்தது. அதற்கும் முதல் தலைவர் நரசிம்மன்தான். 1978-ல் ஐ.பி.எம். கம்பெனி இந்தியாவை விட்டுப் போயிற்று. அது விட்டுப்போன யந்திரங்களைப் பழுதுபார்த்து ஓடவைக்கும் பொறுப்பை சி.எம்.சி.யின் ஊழியர்கள் ஏற்றார்கள். நாடு ஸ்தம்பித்துவிடவில்லை. 2001-ல் அந்த நிறுவனத்தின் பெரும்பங்கைச் சர்க்கார் டாடாவுக்கு விற்றது. 2015-ல் அது டி.சி.எஸ். கம்பெனியோடு கரைந்துவிட்டது.

பிரிட்டனிலும் கதை வேறல்ல. அட்லஸ் மொத்தம் மூன்றே மூன்று கட்டப்பட்டன. ஃபெரான்டி தன் கம்ப்யூட்டர் பகுதியை 1963-லேயே விற்றுவிட்டது. கைமாறிக் கைமாறிக் கடைசியில் அந்த வியாபாரம் ஜப்பானியக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. அட்லஸின் உத்தி உலகமெங்கும் வாழ்கிறது. அதைப் பெற்ற தொழில் அந்த நாட்டிலேயே நிலைக்கவில்லை. கண்டுபிடிப்பது மனிதர்களின் கூட்டு உழைப்பு. கட்டிக்கொண்டு போவது லாபக் கணக்கு.

யந்திரம் நம் எதிரியா?

இல்லை. இதைத் திட்டவட்டமாகச் சொல்வோம்.

1960-களின் நடுவில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனில் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றதும் ஊழியர்கள் போராடினார்கள். கல்கத்தாவில் இலாக்கோ ஹவுஸ் என்ற கட்டடத்தில் யந்திரத்தை நிறுவவிடாமல் இரவும் பகலும் காவல் இருந்தார்கள். "விஞ்ஞானத்துக்கு விரோதிகள்" என்று அவர்களை ஏசியவர்கள் உண்டு. அவர்கள் விரோதித்தது விஞ்ஞானத்தையா? வேலை தேடி லட்சக்கணக்கான வாலிபர்கள் தெருவில் நின்ற நாட்டில், யந்திரத்தைக் காட்டி வேலையைப் பறிக்காதே என்றார்கள். அந்த யந்திரத்தால் வரும் லாபம் யாருக்கு என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்றும் வயதாகவில்லை.

ஆனால் இன்று இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. அன்று யந்திரம் ஆபீசுக்குள் இருந்தது. இன்று வரப்புக்கே வந்துவிட்டது. 2023 ஜனவரி 1 முதல், நூறு நாள் வேலை நடந்த இடங்களில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கைப்பேசியில் படம் பிடித்து ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. மண் வெட்டியவர் மண் வெட்டியது நிச்சயம். சிக்னல் இல்லாமல் படம் ஏறவில்லை என்றால்? வெட்டிய பள்ளம் கண் முன்னால் இருக்கும், கூலி இராது! ரேஷன் கடையில் ரேகை வைக்கச் சொல்கிறார்கள். செங்கல் சுமந்தே ரேகை தேய்ந்தவர் என்ன செய்வார்? உழைத்ததால்தான் ரேகை போயிற்று. ரேகை போனதால் அரிசியும் போக வேண்டுமா?

நிர்வாகத்தின் பதிவேட்டில் இருப்பதுதான் உண்மை என்றால் நம் அரூர் வட்டாரம் ஒருபோதும் நியாயம் கண்டிருக்காது. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் நடந்த கொடுமையை அதிகாரப் பதிவேடு ஒப்புக்கொண்டதா? மலைவாழ் மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள், சாட்சி சொன்னார்கள், விடவில்லை. 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மக்களின் நினைவு முன்னால் நின்றது. பதிவேடு பின்னால் வந்து சேர்ந்தது.

என்ன செய்ய வேண்டும்?

கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்றால் கைகட்டி நிற்கிற பழக்கத்தை முதலில் விட வேண்டும். கம்ப்யூட்டர் எதையும் தானாகச் சொல்வதில்லை. எழுதியவன் எழுதியதைத் திருப்பிக் காட்டுகிறது. ஆகவே கேளுங்கள்:

பெயர் இல்லை என்றால், எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது? யார் உத்தரவு? என்ன காரணம்? எழுத்தில் கொடு!

பழைய பதிவேட்டில் இருக்கிறதா? தேடிப் பார்த்துச் சொல்!

மனுவுக்கு ரசீது கொடு! ரசீது இல்லாத மனு காற்றில் போகும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. கம்ப்யூட்டரில் உள்ள பதிவும் அந்தச் சட்டத்துக்குள் அடக்கம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களிடம் கட்டணம் கேட்கக் கூடாது. எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுப்பது சங்கத்தின் வேலை. ஒவ்வொரு கிளையிலும் இதற்கென்று ஒரு தோழர், முடிந்தால் பள்ளி முடித்த ஒரு பெண் பிள்ளை, இருக்க வேண்டும். கிராம சபை கூடும்போது, பெயர் நீக்கப்பட்டவர்கள் பட்டியலைச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும். ஊர் அறிய வாசித்தால், உயிரோடு இருப்பவரை யாரும் சுலபத்தில் இல்லாதவராக்க முடியாது.

சர்க்காரிடம் நம் கோரிக்கையும் நியாயமானதுதான். பெயரை நீக்குமுன் நோட்டீஸ் கொடு. படம் ஏறவில்லை, ரேகை பதியவில்லை என்பதற்காகக் கூலியையும் அரிசியையும் நிறுத்தாதே. யந்திரம் தவறினால் மனிதன் பதில் சொல்லும் ஏற்பாடு வை. அட்லஸுக்குக் கற்றுக்கொடுத்ததை ஆபீசுக்கும் கற்றுக்கொடு: கையில் இல்லை என்றால் தேடு!

ஆயாவுக்கு நம் பதில்

மறுநாள் ஆயாவோடு இரண்டு தோழர்களும் நாமும் அந்த ஆபீசுக்குப் போனோம். "பெயர் இருக்கிறதா?" என்று கேட்கவில்லை. "பழைய பதிவேட்டை எடுங்கள்" என்றோம். முதலில் முகம் சுளித்தார்கள். நகரவில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பதிவேடு வந்தது. ஆயாவின் பெயர் நீல மையில் தெளிவாக இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றியபோது ஒரு அட்டையில் ஒரு மாதிரியும் இன்னொரு அட்டையில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள். ஒரு எழுத்து வித்தியாசம். ஒரே ஆயா யந்திரத்துக்கு இரண்டு ஆட்களானார். இரண்டு பேரும் பொருந்தவில்லை என்று ஒருவரை வெட்டிவிட்டார்கள். யாரோ ஒரு தற்காலிக ஊழியர், குறைந்த கூலிக்கு, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பெயர்களை அவசர அவசரமாக அடித்திருப்பார். அவரையும் நாம் குறை சொல்லவில்லை. அவரும் நம் வர்க்கம்தான்.

பெயர் இப்போது திரும்ப ஏறிவிட்டது. நாலு மாதப் பாக்கிப் பணம் இன்னும் வரவில்லை. மனு கொடுத்திருக்கிறோம். ரசீது கையில் இருக்கிறது. விடப்போவதில்லை.

திரும்பி வரும்போது பஸ் நிலையத்தில் டீ குடித்தோம். "ஆயா, கம்ப்யூட்டருக்கு மறதி கிடையாது. நினைவும் கிடையாது. எழுதினதைத்தான் வச்சிருக்கும். எழுதறது மனுசங்கதான்" என்றோம்.

ஆயா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அப்படீன்னா எழுதறவங்ககிட்டத்தான் தம்பி நாம போய் நிக்கணும்."

ஆம், தோழர்களே! அங்கேதான் நிற்க வேண்டும். தனியாக அல்ல, சங்கமாக.